வாங்குமுன் கேளுங்கள்: சிறுநீரகமும் எம்.ஆர்.ஐ. ரசீதும்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை சிறுநீரக ஸ்கேனைப் பற்றியவை. ஆகையால் மற்றவற்றை ஒதுக்கிவைத்து இவற்றை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

எனக்கு 61 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். 48 என்று இரத்தப் பரிசோதனை சொல்கிறது. ஊசி குத்தாமலேயே சிறுநீரகத் தழும்பை எம்.ஆர்.ஐ. மூலம் விழுக்காட்டுக் கணக்கில் அளந்து தருவதாக ஒரு தனியார் நிலையம் விளம்பரம் செய்கிறது. 9,800 ரேண்ட் கட்டலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, சாட்ஸ்வர்த்

கட்ட வேண்டாம், அம்மா. அந்த விளம்பரத்தில் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் அது ஆபத்தாகிறது.

தழும்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அறிய மருத்துவர்கள் இன்றும் திசு ஆய்வையே நம்புகிறார்கள். ஏறக்குறையப் பத்து லட்சம் வடிப்பான்கள் கொண்ட ஓர் உறுப்பிலிருந்து பத்திருபதை மட்டும் ஊசியால் எடுத்துப் பார்த்துவிட்டு முழு உறுப்பையும் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது; இரத்தக் கசிவு அபாயமும் உண்டு. ஆகவே, ஊசியில்லாமல் இரு சிறுநீரகங்களையும் முழுமையாகப் பார்க்கும் வழியை ஆய்வாளர்கள் தேடுவது நியாயமே. தழும்பேறிய திசுவில் நீர் மூலக்கூறுகளின் அசைவு குறைவதை ஒரு முறை அளக்கிறது. ஆக்சிஜனை இழந்த இரத்தத்தின் காந்தத் தன்மையைக் கொண்டு திசுவுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்கிறதா என்று மற்றொரு முறை கணிக்கிறது. முதுகில் அதிரும் தட்டு ஒன்றை வைத்து, உறுப்பின் விறைப்பை அளக்கும் முறையும் உண்டு.

ஆனால் நீர் அசைவு குறைவதற்குத் தழும்பு மட்டுமல்ல, வீக்கமும் குறைந்த இரத்த ஓட்டமும் காரணமாகலாம். ஆக்சிஜன் அளவு, அன்று நீங்கள் குடித்த தண்ணீரையும் தின்ற உப்பையும் பொறுத்தே மாறும். இரத்த ஓட்டம் குறைந்த சிறுநீரகம் தளர்ந்துபோவதால், தழும்பு இருந்தும் விறைப்பு தெரியாமல் போகலாம். ஓர் இயந்திரம் தரும் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு அப்படியே ஒப்பிடவும் இயலாது. முறைகளை ஒழுங்குபடுத்துவதற்காகவே ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2017 முதல் ‘பேரன்கைமா’ என்ற கூட்டமைப்பில் உழைத்தார்கள். அவர்களே இதை இன்னும் ஆய்வுக்கருவியாகக் கருதுகையில், விழுக்காடு போட்டு விற்பவரை நான் நம்ப மாட்டேன்.

அந்த எண் கிடைத்தால் உங்கள் மருத்துவர் எந்த மருந்தை மாற்றுவார் என்று அவரிடமே கேளுங்கள். ‘ஒன்றையும் மாற்ற மாட்டேன்’ என்பது பதிலானால் 9,800 ரேண்ட் மிச்சம். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்த்தீர்களா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. சர்க்கரை நோயாளி ஆண்டுதோறும் செய்ய வேண்டிய அந்த மலிவான பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த ஒருவர் என் கையில் உலோகக் கோல் ஒன்றைக் கொடுத்து, ‘காந்த ஒத்ததிர்வுப் பரிசோதனை’ என்று சொல்லி, சிறுநீரகம் 40 விழுக்காடு பழுது என்று கணினியில் காட்டினார். பயந்துபோய் நான்கு மாத மாத்திரைகளுக்கு 3,200 ரேண்ட் கொடுத்தேன். இது நடந்து மூன்று நாள் ஆகிறது.
— பீனிக்ஸ்

வெட்கப்படாதீர்கள். பயந்திருக்கும் மனிதரிடம் விற்பதைவிட எளிய வியாபாரம் கிடையாது. முதுகுவலிக்காகக் காந்த வளையல் வாங்கி ஓராண்டு அணிந்தவன் நான். மணிக்கட்டில் பச்சைக் கறை பிடித்ததுதான் கண்ட பலன்.

உண்மையான எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியது; ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும்; பைக்குள் வராது. அந்தக் கோல் சிறுநீரகத்தைப் பார்க்கவே இல்லை.

இன்றே செயல்படுங்கள். நேரில் தேடி வந்து விற்ற பொருளை, ஐந்து வேலைநாளுக்குள் எழுத்து மூலம் அறிவித்து, காரணம் எதுவும் சொல்லாமலே ரத்து செய்யத் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இடம் தருகிறது. மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்தபின் பதினைந்து வேலைநாளுக்குள் பணம் வர வேண்டும். கெடு தவறினாலும், விற்பவர் பொய் சொல்வதைத் தடுக்கும் 41ஆம் பிரிவின்கீழ் முறையிடலாம். அப்படியே கிளினிக்குக்குப் போய், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்து, மனத்தை ஆற்றிக்கொள்ளுங்கள்.

3 டெஸ்லா இயந்திரத்துக்கு 1.5 டெஸ்லாவைவிட அதிகம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க்

டெஸ்லா என்பது காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அளவு. உங்கள் மருத்துவர் கேட்டிருந்தால் கொடுங்கள். விற்பவர் கேட்டால் வேண்டாம்.

என் கணவரின் ஈ.ஜி.எஃப்.ஆர். 26. ஸ்கேனின்போது எங்களிடம் எதையும் விளக்காமல், படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிவிட்டு, அதற்குத் தனிக் கட்டணமும் போட்டிருக்கிறார்கள்.
— டொங்காட்

உங்கள் கோபம் நியாயமானது, அக்கா. அந்த மருந்தில் இருப்பது கடோலினியம். சிறுநீரகம் மிகவும் பழுதான சிலருக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய்க்கும் இதற்கும் தொடர்பிருப்பது 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. பழைய வகை மருந்துகளே பெரும்பாலும் காரணம். இன்று பயன்படும் புதிய வகைகளால் இது மிக அரிதாகவே நேர்கிறது. ஆகையால் கலங்க வேண்டாம். ஆனால் எந்த மருந்து, எவ்வளவு ஏற்றப்பட்டது என்பதை எழுத்தில் வாங்கிச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள்.

பரிசோதனையின் அபாயத்தையும் செலவையும் முன்கூட்டியே நோயாளிக்கு விளக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. அதைச் சுட்டிக்காட்டி நிலையத்துக்கு எழுதுங்கள். பதில் சரியில்லையெனில் சுகாதாரத் தொழில்முறை மன்றத்திடம் போங்கள். இரத்தத்தையே காந்தத்தால் குறியிட்டு அதன் ஓட்டத்தை அளக்கும் முறையும், மேலே ஆசிரியைக்குச் சொன்ன முறைகளும் கான்ட்ராஸ்ட் இல்லாமலே செய்யப்படுபவை.

முழு உடல் ஸ்கேன் பேக்கேஜ் வாங்கினேன். சிறுநீரகத்தில் நீர்க்கட்டி என்று அறிக்கை வந்திருக்கிறது. எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. பாதி விலை என்பதால் எடுத்தேன். இனி என்ன செய்ய?
— லெனேஷியா

பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காக யாராவது செருப்பை ஒற்றைக் காலுக்கு வாங்குவார்களா? நோய்க்குறி இல்லை, கேள்வி இல்லை, கேட்டவரும் இல்லை; ஆனால் ரசீது இருக்கிறது. இந்த பேக்கேஜ் வியாபாரத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நானும் அதில் விழுந்தவன் என்பதால் இரட்டிப்பு எரிச்சல். ஒரு நிலையத்தில் இப்படியே எடுத்ததில் எனக்கும் நீர்க்கட்டி தென்பட்டது. அதைத் தெளிவுபடுத்த இரண்டாவது ஸ்கேன், இரண்டாவதைத் தெளிவுபடுத்த மூன்றாவது; முடிவில், வயது ஏறினால் பலருக்கும் வரும் தீங்கற்ற கட்டி என்றார்கள். முதல் ஸ்கேன் மட்டும்தான் பாதி விலை. மற்ற இரண்டும் முழு விலை. தேடிப் பார்த்தால் ஏதோ ஒன்று அகப்படும் என்பதை விற்பவர் நன்கு அறிவார். அவருக்கு அடுத்த ஸ்கேன் அங்கேதான் இருக்கிறது. அறிக்கையை எடுத்துக்கொண்டு குடும்ப மருத்துவரிடம் போங்கள். ‘எளிய நீர்க்கட்டி’ என்றிருந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

அம்மாவுக்குப் பரம்பரை நீர்க்கட்டிச் சிறுநீரக நோய். சிறுநீரகத்தின் மொத்தக் கனஅளவை அளக்க எம்.ஆர்.ஐ. தேவை என்று நிபுணர் எழுதினார். மருத்துவக் காப்புத் திட்டமான மெடிக்கல் எய்ட் அந்தச் செலவை, அதில் நாங்கள் சேர்த்துவைத்த சேவிங்ஸ் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது.
— மெர்பேங்க்

இந்த ஸ்கேன் வேண்டியதுதான். இந்நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்பதைக் கணிக்க மொத்தக் கனஅளவு உதவும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2016ஆம் ஆண்டில் அதை ஏற்றுக்கொண்டது.

பணத்தைப் பொறுத்தவரை, மெடிக்கல் எய்ட் கட்டாயம் ஏற்க வேண்டிய குறைந்தபட்சப் பலன்களின் பட்டியலில் நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. அத்தகைய செலவைச் சேவிங்ஸிலிருந்து எடுக்க விதி இடம் தரவில்லை. நிபுணரிடம் நோய்க் குறியீட்டுடன் கடிதம் வாங்கி, இந்த ஸ்கேன் அந்தப் பலனுக்குள் அடங்காது என்பதற்கான காரணத்தை எழுத்தில் தருமாறு மெடிக்கல் எய்டிடம் கேளுங்கள். மறுத்தால் மருத்துவத் திட்டங்களின் மன்றத்திடம் முறையிடலாம். அதன்பின் மெடிக்கல் எய்ட் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். முன் அனுமதி எண் இருந்தால் அதையும் இணையுங்கள்.