நியூ ஆர்லியன்ஸில் ஒரு நாள்: லாலோரி வீடும் மரி லவோ கல்லறையும்

வணக்கம். ஒரே நாள்தான் இருக்கிறது, பத்து வயதுப் பையனும் வருகிறான், லாலோரி மாளிகைக்குள் போக டிக்கெட் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். டிக்கெட்டே கிடையாது, அது தனியார் வீடு. ராயல் தெரு, 1140ஆம் எண். எதிர் நடைபாதையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். 1834 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்தபோதுதான், வீட்டுக்காரி டெல்ஃபின் லாலோரி அடிமைகளைச் சித்திரவதை செய்து அடைத்து வைத்திருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. கூட்டம் திரண்டு வீட்டைச் சூறையாடியது. இப்போது நிற்பது பிறகு திருப்பிக் கட்டியது. இரவுப் பேய் டூர்களில் இந்தக் கதைக்கு ரத்தம் கூட்டித்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ பேயை விட நடந்ததுதான் பயங்கரம். பையனிடம் எவ்வளவு சொல்வது என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வூடூ சமயப் பூசாரியாகப் பேர் பெற்ற மரி லவோவின் கல்லறை இருக்கும் செயின்ட் லூயிஸ் முதலாம் எண் கல்லறைத் தோட்டத்துக்கும் நீங்களாகப் போக முடியாது. 2013இல் யாரோ அந்தக் கல்லறைக்கு இளஞ்சிவப்பு பெயிண்ட் அடித்துவிட்டார்கள். இந்த மாதிரிச் சேதத்தைத் தடுக்கத்தான் 2015 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியோடுதான் அனுமதி. முன்பதிவு செய்துவிட்டுக் காலையிலேயே போய்விடுங்கள். தரைக்கு மேலே கட்டிய வெள்ளைக் கல்லறைகள், வெயில் ஏறினால் கண் கூசும். தொப்பி, தண்ணீர் மறக்காதீர்கள். அப்புறம் சாயங்காலம் ராயல் தெரு.