பவழமல்லி: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: மாசியில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. செடி பட்டுப்போய்விட்டதா?

பதில்: பவழமல்லி இலையுதிர்க்கும் செடி, வறண்ட காலத்தில் மொட்டையாக நிற்பது அதன் இயல்பு. நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பயந்துபோய்த் தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் ஆபத்து. இலையில்லாத செடி நீரை அதிகம் இழுக்காது, வேர் அழுகிவிடும். இரண்டங்குல ஆழம் மண் காய்ந்தபின் ஊற்றினால் போதும்.

கேள்வி: நான்கு வயதுச் செடி, பத்தடி உயரம். உச்சியில் மட்டும் ஏழெட்டுப் பூ.

பதில்: கவாத்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடுவது, செய்திருக்க மாட்டீர்கள். புதுத் துளிரின் நுனியில்தான் இது கொத்தாக மொட்டு வைக்கும். பழைய கிளை நீண்டுகொண்டே போனால் பூவும் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். பூ ஓய்ந்ததும், தை மாசிக்குள், ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக. ஒன்றோடொன்று உரசும் கிளைகளை அடியோடு எடுத்துவிடலாம். ஆடிக்குப் பிறகு வெட்டினால் அந்த ஆண்டுப் பூ போச்சு. யூரியா போடுகிறீர்களா? நிறுத்துங்கள், வெறும் இலைதான் தழைக்கும். வெட்டியபின் ஐந்து கிலோ மக்கிய தொழு உரமும் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கும் தூரிலிருந்து ஓரடி தள்ளி இடுங்கள்.

கேள்வி: விதையா, குச்சியா?

பதில்: சீக்கிரம் பூ வேண்டுமென்றால் குச்சி. கவாத்தில் விழுந்ததிலேயே பென்சில் கனத்தில், எட்டங்குல நீளத்தில் எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் நடலாம். எல்லாம் பிடிக்காது, பத்துக் குச்சியாவது நடுங்கள். விதைக்கு, காசு போன்ற தட்டைக் காய் பழுப்பாகும்வரை பொறுங்கள். பிளந்தால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு விதை இருக்கும்.

கேள்வி: மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி மொய்க்கிறது.

பதில்: குஞ்சுப் பருவத்தில் ஒரே இலையின் அடியில் கூட்டமாக இருக்கும். அப்போதே அந்த இலையைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனைய அடிக்கலாம். வளர்ந்த புழுவை அது அவ்வளவாக அசைக்காது. குச்சியால் எடுப்பதுதான் வழி. வெறுங்கை வேண்டாம், அரிக்கும்.

கேள்வி: மாடித் தொட்டியில் வருமா?

பதில்: வரும். பதினெட்டு அங்குலத் தொட்டி, ஆறு மணி நேர வெயில், அடியில் வடிதுளை.

கேள்வி: விடிந்தால் பூவெல்லாம் தரையில் கிடக்கிறது. நோயா?

பதில்: இல்லை. அந்தியில் விரிந்து விடியலில் உதிர்கிற பூ இது. முந்திய இரவே அடியில் பழைய வேட்டியை விரித்துவிடுங்கள். மிஞ்சும் பூவின் சிவந்த காம்பைக் கிள்ளி நிழலில் உலர்த்திக் கொதிக்கவைத்தால் துணிக்குக் காவிச் சாயம் கிடைக்கும். சாயம் வெயிலில் வெளுக்கும், ஆகவே துணியை நிழலிலேயே காயப்போடுங்கள்.