தைத்து முடித்ததும் கோடு மறைய வேண்டுமே!

கேள்வி: வெள்ளைப் பருத்தித் துணியில் குயில்ட் (இரு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு) தைப்பதற்கு, தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் கோடு போட்டேன். தைத்ததும் இஸ்திரி போட்டுவிட்டுத் தண்ணீர் தெளித்தேன். நீலம் போய்ப் பழுப்புக் கோடு நிற்கிறது. பேனா மட்டமானதா?

பதில்: பேனா மேல் பழி வேண்டாம், வேலையைக் கெடுத்தது இஸ்திரிச் சூடு. இந்த மை சூடு பட்டால் துணியிலேயே பிடித்துக்கொள்ளும். கோடு முழுக்கப் போகும்வரை இஸ்திரி, வெந்நீர், வெயில் மூன்றும் கூடாது. சோப்புத்தூளும் அப்படித்தான்: அதன் காரத்தன்மை மையை நிலைக்க வைத்துவிடலாம். முதல் அலசல் வெறும் குளிர்ந்த தண்ணீரில்தான்.

தெளிப்பதும் போதாது. மேல்துணியில் கரைந்த மை உள்ளே இருக்கும் பஞ்சு அடுக்கில் இறங்கி, காயும்போது மறுபடி மேலே வரும். குயில்ட் முழுவதும் மூழ்கும்படி ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். பழுப்பாகிவிட்ட கோட்டையும் குளிர்ந்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்துப் பார்க்கலாம். ஆனால் முழுக்கப் போகும் என்று நம்பிக்கை தர முடியாது.

காற்றில் தானாக மறையும் ஊதாப் பேனாவுக்கும் இதே விதி. நிறம் ஓரிரு நாளில் போய்விடும், ஈரக் காற்றில் இன்னும் சீக்கிரம். மையின் ரசாயனம் மட்டும் துணியில் தங்கியிருக்கும். அலசாமல் இஸ்திரி போடாதீர்கள்.

கேள்வி: கறுப்புத் துணிக்கு எது நல்லது? சூட்டில் மறையும் பேனா போதுமா?

பதில்: வேண்டாம். சுமார் 60 டிகிரி செல்சியஸில் அந்த மை நிறம் இழக்கிறதே தவிர, துணியை விட்டுப் போவதில்லை. கடுங்குளிரில் கோடு திரும்பி வரும். அடர்நிறத் துணியில் வெளிறிய தடமும் தெரியும். தையலுக்குள் மறையும் ஓரங்களில் மட்டும் பயன்படுத்துங்கள்.

கறுப்புக்கு வெள்ளை சாக் பென்சில்தான் சரி. முனையைக் கூர்மையாகச் சீவி, லேசாக இழுங்கள். கை பட்டால் உதிரும், எனவே அப்போது தைக்கப்போகும் பகுதிக்கு மட்டும் கோடு போடுங்கள். சிவப்பு, மஞ்சள் சாக் கறை விடலாம். மெழுகு கலந்த தையல் சாக் இன்னும் மோசம்: இஸ்திரியில் உருகி எண்ணெய்த் தடமாகும்.

நேர்கோடு என்றால் நிறமே வேண்டாம். 6 மி.மீ. மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் ஓரமாகத் தைத்து, எடுத்து அடுத்த வரிசைக்கு ஒட்டலாம். இரவு முழுக்க விட்டால் பசை துணியில் தங்கும். ஹீரா மார்க்கர் என்ற மழுங்கிய கத்தி போன்ற கருவியால் ஸ்கேல் வைத்து அழுத்தி இழுத்தாலும் மடிப்புக் கோடு விழும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் அது நன்றாகத் தெரியும்.

எதுவானாலும், அதே துணியின் வெட்டுத் துண்டில் பஞ்சு வைத்துத் தைத்து, கோடு போட்டு, ஒரு வாரம் விட்டு அலசிப் பாருங்கள். பலர் கோடு போட்ட உடனே அலசிப் பார்க்கிறார்கள். குயில்ட் தைத்து முடிய மாதக்கணக்காகும்; பழைய கோடு புதுக் கோடு போல எளிதில் போகாது.