ஏர் ரைஃபிள்: வாங்கும் முன்பும் வாங்கிய பிறகும்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. துப்பாக்கிச் சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனைப் பார்த்ததிலிருந்து ஏர் ரைஃபிள் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆன்லைனில் 0.22 அளவு, "1000 அடி வேகம்" என்று விளம்பரம் வருகிறது. லைசென்ஸ் தேவையா? எதை வாங்குவது? (ஒரு தாய், லாஸ்பேட்டை)

பதில்: அம்மா, இளவேனில் 1999-ல் நம் கடலூரில் பிறந்தவர், வளர்ந்தது குஜராத்தில். அவர் போட்டியில் பயன்படுத்துவது 4.5 மில்லிமீட்டர், அதாவது 0.177 அங்குலக் குழல்தான். 10 மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர் புள்ளியைத் தொட வேண்டும். அதற்குப் பலம் தேவையில்லை, நிதானம்தான் தேவை. போட்டி ரைஃபிளின் சக்தி 10 ஜூல்கூட இருக்காது (ஜூல் என்பது சக்தியை அளக்கும் அலகு). இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வான்.

ஆயுதச் சட்டம் 1959, அதன்கீழ் வந்த 2016 விதிகள்படி, குழல் 0.177-க்கு மேல் போகாமலும் சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். இந்த இரண்டில் எது தாண்டினாலும் வேண்டும். ஆகவே 0.22 வேண்டாம், விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

"1000 அடி வேகம்" என்பதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண ஈயக் குண்டு ஏறக்குறைய அரை கிராம் இருக்கும். அது நொடிக்கு 280 மீட்டர், அதாவது சுமார் 920 அடி வேகத்தில் போனாலே 20 ஜூல் அளவை நெருங்கிவிடும். 1000 அடியில் போனால் 23 ஜூல். அப்படியானால் மிக லேசான குண்டைப் போட்டு அளந்திருக்கிறார்கள், இல்லையென்றால் அந்தத் துப்பாக்கி சட்ட வரம்பைத் தாண்டுகிறது. இரண்டுமே உங்களுக்கு நல்லதில்லை. பெட்டியில் ஜூல் அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதாததை விட்டுவிடுங்கள். கடையில் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். கேட்காமல், பில்லும் போடாமல் கொடுக்கிற கடையில் நான் வாங்க மாட்டேன்.

இன்னொன்று. முதலில் பயிற்சி, அப்புறம் துப்பாக்கி. ரைஃபிள் கிளப்பில் அவர்கள் வைத்திருக்கும் துப்பாக்கியில் சில மாதம் சுடட்டும். அதற்குப் பிறகும் ஆர்வம் இருந்தால் ஸ்பிரிங் வகையில் சாதாரணமான ஒன்று போதும். அது பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும், குண்டு வேறு இடத்தில் இருக்க வேண்டும், சாவி உங்களிடம் இருக்க வேண்டும். 13 வயதுப் பையன் ஒரு தடவைகூடத் தனியாகச் சுடக் கூடாது.

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டை மாடி 12 மீட்டர் நீளம். கைப்பிடிச் சுவரில் காகிதம் ஒட்டிச் சுடலாமா? (கடலூர் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. 20 வருடம் முன்பு நானும் இதையே செய்தேன். சிமெண்டுச் சுவரில் பட்ட குண்டு திரும்பி வந்து என் சித்தப்பா மகனின் கண்ணுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளியில் கன்னத்தில் பட்டது. தழும்பு இன்றும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு விரல் இடைவெளிதான் ஞாபகத்துக்கு வரும்.

சுவர், கல், இரும்புத் தகடு, பாட்டில், தென்னை மரம், எதில் பட்டாலும் குண்டு திரும்பும், அல்லது திசை மாறிப் போகும். சுவருக்கு மேலே தப்பிப்போனால் 300 மீட்டர்கூடப் பறக்கும். உங்கள் தெருவில் 300 மீட்டருக்குள் எத்தனை மாடி, எத்தனை துணி காயப்போடும் கொடி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இது: ஒரு கெட்டியான மரப்பெட்டி, பின்பக்கம் தடித்த பிளைவுட். உள்ளே ஓரடி ஆழத்துக்குப் பழைய துணியையோ செய்தித்தாளையோ இறுக்கி அடையுங்கள், இல்லையென்றால் களிமண்ணை அப்புங்கள். காகிதக் குறியைவிடப் பெட்டி நான்கு பக்கமும் ஓரடியாவது அதிகமாக இருக்கட்டும். குண்டுகள் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து துணி பொத்தலாகிவிடும், அடிக்கடி மாற்றுங்கள். பெட்டிக்குப் பின்னால் யாரும் ஏறி வரக்கூடிய படிக்கட்டோ கதவோ இருக்கக் கூடாது. இருந்தால் அந்த மாடியில் சுடவே முடியாது என்று முடிவெடுத்துவிடுங்கள்.

பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி சுடுபவருக்கு மட்டுமல்ல, வேடிக்கை பார்ப்பவருக்கும் வேண்டும். பால்ரஸ் குண்டு போடாதீர்கள். அது ஈயம்போல நசுங்காது, மோசமாகத் திரும்பும், குழலின் உள்வரிகளையும் தேய்க்கும். குழலை மடித்துக் குண்டு போடும் வகை என்றால் ஒரு கையால் குழலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே மறுகையால் குண்டை வையுங்கள். பூட்டு நழுவிக் குழல் படாரென்று மேலே வந்தால் விரல் போய்விடும்.

கண்ணில் பட்டுவிட்டால் கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள், எதையும் பிடுங்காதீர்கள். காகிதக் கப்பைக் கண்ணின்மேல் கவிழ்த்து டேப் ஒட்டி, அந்த நிமிடமே கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: துப்பாக்கியில் துளை தெரிந்தது, அதில் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். முதலில் புகையும் பெரிய சத்தமுமாக நன்றாக வேலை செய்தது. இப்போது குண்டு பாதி தூரம்கூடப் போவதில்லை. (நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: அந்தப் புகைதான் கோளாறு. நீங்கள் பார்த்தது காற்று குழலுக்குப் போகும் வழி. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது அது கடுமையாகச் சூடாகிறது, அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. டீசல் இன்ஜினில் நடப்பதும் இதுதான். அதனால்தான் இதற்கு டீசலிங் என்று பெயர். சத்தத்தைக் கேட்டால் சக்தி கூடியதுபோலத் தோன்றும். ஆனால் உள்ளே வாஷர் கருகும், ஸ்பிரிங் அடிபடும். உங்களுடையதில் வாஷர் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். அதை வீட்டில் கழற்றாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, பின்பக்கத் திருகைக் கழற்றினால் முகத்தில் பாயும். தயாரித்தவரின் சர்வீஸுக்கே அனுப்புங்கள்.

இனிமேலுக்கு: துப்பாக்கிக்குள் காற்று அழுத்தப்படும் அறையில் எதுவும் விடாதீர்கள். கையேடு சொன்னால் மட்டும், அது சொன்ன சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெயை வெளி இரும்பில் துணியால் மெல்லிசாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், அது வேண்டாம்.

நம் கடலோரத்தில் துருதான் பெரிய எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் என் துப்பாக்கியை ரெக்சின் உறையில் போட்டு பீரோவில் நிறுத்தியிருந்தேன். தை மாதம் எடுத்துப் பார்த்தால் குழல் முழுக்கச் செம்புள்ளி. உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்திருந்தது. இப்போது உறை பயணத்துக்கு மட்டும்தான். வீட்டில் உலர்ந்த அலமாரியில் திறந்தே வைக்கிறேன், பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம். சுட்டு முடித்ததும் கை பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு துடை. வியர்வையிலும் உப்பு இருக்கிறதே.

குழலைச் சுத்தம் செய்ய இரும்புக் கம்பி வேண்டாம். தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிச் சாமான் விற்கும் இடத்தில் தடிமனான தூண்டில் நரம்பு வாங்கி, நுனியில் சிறு துணி கட்டி, குண்டு போடும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக இழுங்கள். இதை வாரா வாரம் செய்ய வேண்டியதில்லை, குறி சிதற ஆரம்பித்தால் போதும். கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளை மட்டும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். அதிர்ச்சியில் தளர்ந்துவிடும், அப்புறம் குறி தப்புகிறது என்று துப்பாக்கியைத் திட்டுவோம். குண்டில்லாமல் வெறுமனே சுடாதீர்கள், பிஸ்டனைத் தாங்கக் காற்று மெத்தை இருக்காது. இழுத்த ஸ்பிரிங்கை அப்படியே விட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். வெள்ளைப் பொடி பூத்த ஈயக் குண்டைத் தூக்கிப் போடுங்கள், குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்காதீர்கள்.

கேள்வி: பலாத் தோப்பில் குரங்கும் காக்காயும் தொல்லை. ஏர் கன்னால் விரட்டலாமா? (பண்ருட்டி விவசாயி)

பதில்: வேண்டாம் ஐயா. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நாட்டுக் குரங்கு, மயில் மட்டுமல்ல, 2022 திருத்தத்துக்குப் பிறகு காக்காயும் பட்டியலில் இருக்கிறது. நாயை, மாட்டைச் சுட்டு முடமாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 325-ம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. சட்டத்தை விட்டாலும், இந்தச் சிறு குண்டு பட்ட உயிர் உடனே சாகாது, புண் சீழ்பிடித்துப் பல நாள் துடிக்கும். குரங்குக்கு வனத்துறையிடம் எழுதிக் கொடுங்கள். காய்க்குச் சாக்கு கட்டுங்கள்.

கேள்வி: பாண்டியில் வாங்கிக் கடலூருக்கு எடுத்துவரலாமா?

பதில்: லைசென்ஸ் தேவையில்லாத வகை என்றால் எடுத்துவரலாம், இரண்டு ஊருக்கும் ஒரே மத்தியச் சட்டம்தான். உறையில், ஸ்பிரிங் இழுக்காமல், குண்டு தனிப் பையில். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் கேட்டால் காட்ட பில்லும் ஜூல் அளவு அச்சிட்ட பெட்டியும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: காற்றை அடைத்துச் சுடும் பிசிபி வகை வாங்கியிருக்கிறேன். கைப்பம்பு அடித்து மாளவில்லை. வெல்டிங் பட்டறை சிலிண்டரில் நிரப்பலாமா? (வில்லியனூர் வாசகர்)

பதில்: தம்பி, அந்தப் பக்கமே போகாதீர்கள். பட்டறையில் இருப்பது ஆக்சிஜன். 200 பார் அழுத்தத்தில் அது உள்ளே இருக்கும் கிரீஸைத் தொட்டாலே தீப்பிடித்து வெடிக்கும், உங்கள் கையிலேயே. சுத்தமான உலர்ந்த காற்று மட்டும்தான் நிரப்ப வேண்டும். ஸ்கூபா டைவிங் நடத்துபவர்களின் கம்ப்ரசர் காற்று அப்படிப்பட்டது. பாண்டியில் அவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். கைப்பம்பு என்றால் நடுவில் நிறுத்தி ஆறவிட்டு, ஈரத்தை வெளியேற்றி அடியுங்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள். தேதி போன சிலிண்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கியது முதல் நாளே பலம் இல்லை. "இந்த வகைப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

பதில்: மனசு மாறித் திருப்பினால் மறுக்கலாம். பழுதான பொருளை மறுக்க முடியாது. 2020 மின்வணிக விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. உள்ளூர் மெக்கானிக்கிடம் மட்டும் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள், பிரித்தால் பழி உங்கள்மேல் விழும். நான் மேலே சொன்ன பெட்டிக்கு முன்னால் ஒரு குளியல் சோப்பை வைத்து, 5 மீட்டரிலிருந்து சுட்டு வீடியோ எடுங்கள். நண்பரிடம் அதே மாடல் இருந்தால் அதே குண்டை அதிலும் போட்டு, இரண்டு ஆழத்தையும் ஸ்கேல் வைத்துக் காட்டுங்கள். அதோடு விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசி விடாதீர்கள்.

அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் வழிக்கு வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லை இன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், பில் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.