கரண்ட் கேக்குற கப்பல்

கேள்வி: சென்னை துறைமுகத்துல சொகுசுக் கப்பல் பாத்தேனுங்க, கரையில கட்டி நிறுத்துன பொறவும் புகை வந்துட்டே இருந்துச்சு, ஏனுங்க, நம்ம தறிக்கு இழுக்கறாப்புல ஒரு லைன் இழுத்துக் குடுத்தா ஆகாதுங்களா? – பல்லடம் வாசகர்

பதில்: கப்பலுக்குள்ள கரண்டுக்கு ஜெனரேட்டர் ஓடறதாலதான் அந்தப் புகை, லைன் குடுத்தா ஆகுமுங்க, அமெரிக்காவுல ஜூனோ துறைமுகத்துல 2001லயே குடுத்துட்டாங்க. ஆனா பெரிய கப்பல் சும்மா நின்னாலே 10 மெகாவாட் கூட இழுக்கும், ஒரு ஹெச்பி மோட்டார் போட்ட தறி 13,000 ஒண்ணா ஓடறாப்புல வெச்சுக்கங்க, அதுக்குன்னே சப்ஸ்டேஷன் வேணும். நம்மூரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கப்பல்ல பெரும்பாலும் 60, அதனால நடுவுல ஒரு கன்வெர்ட்டர், அது சல்லிசா வராதுங்க. கடல்மட்டம் ஏற எறங்க கப்பலும் ஏறி எறங்கும், அதுக்குத் தக்க கேபிளை விட்டுப் பிடிக்க தனி ஏற்பாடு. அதும் கப்பல் காலையில வந்து சாயங்காலம் கெளம்பிரும், மிச்ச நாளெல்லாம் சும்மா கெடக்கற லைனுக்கு, கரண்ட் எடுக்காட்டியும் கட்ட வேண்டிய டிமாண்ட் சார்ஜ யாரு கட்டறது? மில்லுக்காரங்களக் கேளுங்க, சொல்லுவாங்க!