பாட்டி சமையலில் கை வைக்கலாமா?

கேள்வி: இத்தாலியில் குடும்பச் சமையல் குறிப்பை அச்சு மாறாமல்தான் செய்வார்களா?

பதில்: அதெல்லாம் இல்லை. போலோஞா ஊரின் இறைச்சிக் குழம்பான ரகூவுக்கு இத்தாலிய சமையல் அகாதமி 1982-ல் அந்த ஊர் வணிகச் சபையில் செய்முறையைப் பதிவே செய்தது, 2023-ல் அவர்களே அதைத் திருத்தியும் விட்டார்கள், அப்புறம் வீட்டுக்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? சிலர் பால் ஊற்றுவார்கள், சிலர் ஊற்றமாட்டார்கள். தெற்கே, சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் காய்ந்த ரொட்டியைப் பொடித்து ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து பாஸ்தாமேல் தூவினார்கள். மொறுமொறுவென்று இருப்பதால் இன்றும் விடவில்லை. நேப்பிள்ஸில் மிஞ்சிய ஸ்பகெட்டி, முட்டையும் சீஸும் சேர்ந்து வாணலியில் தடித்த அடையாகிவிடும். தாராளமாக மாற்றுங்கள். ரகூவுக்கு வெங்காயம், கேரட், செலரி வதக்கும்போது மட்டும் தீயைக் கூட்டாதீர்கள், ருசி பிடிப்பதே அங்கேதான்.