சனி மிதக்குமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெரிய தொட்டி கிடைத்தால் சனி கிரகம் தண்ணீரில் மிதக்குமாமே என்று ஏழாவது படிக்கும் என் மகள் கேட்கிறாள். அவ்வளவு லேசான கிரகமா அது? மிதந்தால் வளையம் நனையுமா? இந்த லேசான சனிக்கா ஏழரை வருஷம் பயப்படுகிறோம்?

ம.

அன்புள்ள ம.,

ஏழரையை ஜோசியரிடம் கேளுங்கள். வளையம் பெரும்பாலும் பனிக்கட்டி, நனைய என்ன இருக்கிறது? கேட்ட மகளை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஆனால் ‘லேசான கிரகம்’ என்று எழுதியது நீங்கள். அவள் எழுதியிருந்தால் விட்டிருப்பேன். சனியின் நிறை பூமியைப்போல் 95 மடங்கு. அதுவா லேசு? குறைவாக இருப்பது அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டருக்குத் தண்ணீர் 1 கிராம், பூமி 5.5, சனி 0.69தான். அதுவும் சராசரி. பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமும் என்பதால் வந்த கணக்கு. நடுவில் அமுங்கிக் கிடப்பதைத் தனியே எடுத்தால் கல்லைப்போல மூழ்கும்.

எங்கள் தாத்தா விதைநெல் தேறவைக்கும் நாளில் அண்டாத் தண்ணீரில் ஒரு கோழிமுட்டையை விடுவார். அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உப்பைக் கொட்டிக் கலக்கிக்கொண்டே இருப்பார். மெல்ல எழுந்து, நாலணாக் காசு அளவுக்கு மண்டையை வெளியே நீட்டும். அப்புறம்தான் நெல். வெறும் தண்ணீரில் மூழ்கியிருக்கக்கூடிய அரைகுறை மணிகளெல்லாம் இப்போது மேலே வந்துவிடும். அதே நெல்தானே என்று கேட்டேன். “தண்ணி மாறிடுச்சில்ல” என்றார்.

அதைத்தான் கேட்கிறேன். மிதப்பதில் பாதி தண்ணீரின் வேலை. உங்கள் தொட்டியில் என்ன தண்ணீர்? சனியின் குறுக்களவு 1,20,000 கிலோமீட்டர். அதை மிதக்கவிடும் அளவுக்குச் சேர்த்த தண்ணீர் தன் ஈர்ப்பாலேயே நசுங்கும், அடியில் நாம் அறிந்த தண்ணீராகவே இருக்காது. தொட்டியில் நிற்காமல் தானே ஒரு கோளாக உருண்டுகொள்ளும். சனியும் பந்துபோல மேலே ஆடிக்கொண்டிருக்காது. அதற்குத் தரையே கிடையாது. வாயுவெல்லாம் கலைந்து போர்வையாகப் படியும், நடுக்கரு உள்ளே இறங்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுத் தொட்டிப் படத்தை மட்டும் போடுகிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம்.

சரி, மகளிடம் ஒரு முட்டையும் கல் உப்பும் கொடுங்கள். முட்டை புதிதாக இருக்கட்டும். பழைய முட்டை பச்சைத் தண்ணீரிலேயே மிதந்து உங்கள் மானத்தை வாங்கிவிடும்.